வெளுப்புக்கெல்லாம் டானிக் மருந்தாகுமா?

சென்ற ஆண்டு இதே பகுதியில் முகவெளுப்பைக் குறித்து நாம் ஒரு கட்டுரை வரைந்திருந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு இவற்றோடு இரும்புச்சத்து டானிக்கையும் மூன்று மாதம் விடாது உட்கொண்டால் இரத்தம் ஊறும், மூச்சிரைப்பு அகலும், முகம் தெளியும் என்று அதில் உறுதிபடக் கூறியிருந்தோம். பாராட்டிக் கடிதம் எழுதிய அன்பர்கள் பலர். இம்மாதம் அக்கட்டுரையைத் திருத்த வேண்டிய கடமை நமக்கு நேர்ந்திருக்கிறது. அதில் எழுதியது பொய்யன்று. ஆனால் பாதி மெய்யைத்தான் எழுதினோம். எழுதாது விட்ட மற்றப் பாதியின் பயனை நம் நண்பர் ஒருவர் தம் இரு கால்களிலும் இன்றளவும் அனுபவித்து வருகிறார்.

அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் உத்தியோகம் பார்த்தவர்; திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்; வயது ஐம்பதை நெருங்குகிறது. பத்தாண்டுகளுக்கு முன் பழனியாண்டவனுக்கு நேர்ந்துகொண்டு புலாலை அறவே விட்டார். பாலின் வாடை ஒவ்வாதென்று தயிரும் மோரும்கூடத் தொடமாட்டார். பாலில்லாத தேநீர்தான் அருந்துவார். நம்மினும் மூத்தவராதலால் நாம் அவரை அண்ணாச்சி என்போம். அவருடைய விடுப்பு மனுக்கள் நம் மேஜை வழியாகவே மேலே செல்ல வேண்டும். நான்கு மாதங்களில் ஆறு முறை நோய் விடுப்புக் கோரியிருந்தார். ஆறாவது மனுவின் ஓரத்தில், "அடிக்கடி விடுப்புக் கோருபவர்" என்று பென்சிலால் குறித்து மேலே அனுப்பியவர் வேறு யாருமல்லர்; நாமே.

அதற்கு முன்னரே ஒரு நாள் மாலை, நிலையத்து மேம்பாலப் படியில் அவரைக் கண்டோம். பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, இந்தப் படி ஏறக்குள்ள மூச்சு முட்டுது. நீங்க பத்திரிகையில எழுதினதத்தான் ரெண்டு மாசமா சாப்பிட்டுக்கிட்டு வாரேன். டானிக்கும் மூணு பாட்டில் ஆச்சு" என்றார்.

"இன்னும் ஒரு மாசம் சாப்பிடுங்க அண்ணாச்சி, சரியாப் போகும்" என்றோம். எழுதியவன் வாயால் கேட்ட பின் அவருக்கு ஐயமேது? மூன்றாம் மாதமும் தொடர்ந்தார்.

பிற்பாடு எண்ணிப் பார்க்கையில், நோய் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை என்பதும் நாமே கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்பதும் விளங்கின. அவர் முகத்தில் வெளுப்போடு எலுமிச்சம்பழம் போன்ற ஒரு மஞ்சளும் கலந்திருந்தது. விரற்கணுக்கள் கறுத்திருந்தன; ரயில்வேயில் உழைப்பவர் கை, கிரீஸ் கறையாக இருக்கும் என்று நினைத்தோம். நாக்கு சிவந்து வழவழப்பாகி, சாம்பார் பட்டாலே எரிகிறது என்பார். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: "தரையில கால வச்சா பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்கு" என்று இருமுறை சொன்னார். இரவு நேரத்தில் சரளைக் கல்லின் மீது நடந்து, வண்டிகள் நகரும் தண்டவாளங்களுக்கிடையே வேலை பார்க்கும் ஒருவர் இதைச் சொல்கிறார்; நாமோ வயதாகிவிட்டதென்று கேலி பேசினோம்.

மூன்றாம் மாத இறுதியில் பல் விளக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனையளவில் செம்புள்ளிகள் தோன்றின. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் இரவுப் பணியில் கால் இடறித் தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தார். உடன் பணியாற்றியவர் தூக்கிவிட்டார். அந்தப் பாதையில் அப்போது வண்டி ஏதும் இல்லை. மறுநாள்தான் இரத்தம் சோதிக்கப்பட்டது.

சோதனைத் தாளில் கண்ட எண்கள் இவை: ஹீமோகுளோபின் 6.2, வெள்ளணுக்கள் 2,400, தட்டணுக்கள் 38,000. ஆண்மகனுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் குறையலாகாது. வெள்ளணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரையிலும், தட்டணுக்கள் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரையிலும் இருத்தல் வேண்டும். செவ்வணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் ஒருசேரக் குறைந்திருந்தன. இங்கேதான் நம் பழைய கட்டுரை எழுதாது விட்ட பாதி தொடங்குகிறது.

இம்மூன்று அணுக்களும் பிறக்குமிடம் ஒன்றே. நல்லி எலும்பை உறிஞ்சத் தெரிந்த வீட்டார் அனைவரும் அவ்விடத்தை அறிவர். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் அது. இரத்த அணுக்கள் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன என்பதை 1868-ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பர்க் நகரத்து எர்ன்ஸ்ட் நோய்மன் என்னும் அறிஞர் கண்டறிந்து கூறினார். குழந்தைப் பருவத்தில் எல்லா எலும்புகளிலும் இத்தொழில் நடைபெறும். வளர்ந்தபின் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு, மண்டையோடு ஆகியவற்றில் மட்டும் பெரும்பாலும் நிகழும். மூல உயிரணு என்னும் ஒரே குலத்திலிருந்து மூவகை அணுக்களும் கிளைக்கின்றன. வினாடி ஒன்றுக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் செவ்வணுக்கள் அங்கிருந்து புறப்படுகின்றன என்றால் அத்தொழிலின் வேகத்தை அன்பர்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். இத்தனை வேகமாகப் பெருகும் இடத்தில் ஏதேனும் ஒரு சத்துக் குறைந்தாலும், ஏதேனும் ஒரு நஞ்சு புகுந்தாலும், உடம்பின் மற்ற உறுப்புகளைக் காட்டிலும் முன்னதாகவே அது தெரிந்துவிடும்.

மூவகை அணுக்களுக்கும் ஆயுள் வெவ்வேறு. செவ்வணு சுமார் 120 நாள் உழைக்கும். தட்டணு பத்து நாள் அளவே நிலைக்கும். கிருமிகளோடு பொருதும் வெள்ளணுக்களிற் பெரும்பாலானவை இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. செவ்வணு பிராணவாயுவைச் சுமப்பது; ஆகவே அது குறைந்தால் மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும். வெள்ளணு குறைந்தால் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும். தட்டணு குறைந்தால் ஈறு கசியும், தோலில் செம்புள்ளி தோன்றும். வெளுப்பு மட்டும் இருந்தால் காரணம் பல இடங்களில் இருக்கலாம். மூன்றும் ஒருசேரக் குறையுமானால், அணுக்கள் பிறக்குமிடத்தையும் எட்டிப் பார்த்தாக வேண்டும்.

அண்ணாச்சி பரேல் பகுதியில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாம் உடன் சென்றோம். இளம் டாக்டர் ஒருவர், மராத்தியும் இந்தியுமாகக் கலந்து, அஸ்திமஜ்ஜையைச் சோதிக்க வேண்டும் என்றார். அருகில் நின்ற மதினி அந்தச் சொல்லைக் கேட்டதும் "ஐயோ" என்று தலையில் கைவைத்துத் தரையில் அமர்ந்துவிட்டார். இந்நாட்டு வழக்கில் அஸ்தி என்பது எலும்பு. நம் தமிழ் வீடுகளில் அச்சொல் எதைக் குறிக்கும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டருக்கோ அந்த அம்மாள் ஏன் அழுகிறார் என்பது விளங்கவில்லை. இரு திறத்தாருக்கும் நடுவில் நின்று விளக்கிச் சொல்ல நமக்குக் கால்மணி நேரம் பிடித்தது. முப்பது ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்ந்தும் ஆஸ்பத்திரிச் சொற்களை நாம் கற்றுக்கொள்ளவில்லை என்ற வெட்கமும் அன்று உண்டாயிற்று.

அடுத்த அச்சம் ஊசியைப் பற்றியது. முதுகுத்தண்டில் குத்தினால் கால் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தனர். மஜ்ஜையெடுக்கும் ஊசி முதுகுத்தண்டின் பக்கமே போவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பின் பின்புறத்தில் எலும்பு மேடாகத் தோன்றும் இடத்தை மரக்கச் செய்து, அங்கே ஊசியைச் செலுத்திச் சிறிதளவு மஜ்ஜையை உறிஞ்சுகின்றனர். நூலளவு எலும்புத் துண்டொன்றையும் எடுக்கின்றனர். உறிஞ்சும் கணத்தில் காலை இழுப்பது போல ஒரு வலி எழும், உடனே தணியும். உயிரோடிருப்பவரின் மார்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையைப் பார்க்கும் வழியை 1927-ஆம் ஆண்டு லெனின்கிராடில் அரின்கின் என்னும் மருத்துவர் தொடங்கி வைத்தார். அதன் பின்னரே இந்நோய்களை உயிர் உள்ளபோதே பகுத்தறிவது எளிதாயிற்று. அண்ணாச்சி இருபது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "இதுக்கா இவ்வளவு கலவரம்" என்றார்.

அவருக்கு அடுத்த கட்டிலில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் படுத்திருந்தான். தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். அவன் தாளை அவனுடைய தகப்பனார் நம்மிடம் காட்டினார். ஹீமோகுளோபின் 6.0, வெள்ளணுக்கள் 2,100, தட்டணுக்கள் 22,000. பெயரை மறைத்துவிட்டு இரு தாள்களையும் அருகருகே வைத்தால், எது எவருடையது என்று நம் போன்ற எழுத்தருக்குச் சொல்ல இயலாது. அதே வெளுப்பு, அதே செம்புள்ளி, அதே காய்ச்சல். அவன் வீட்டிலும் இரண்டு மாதம் டானிக் கொடுத்திருந்தனர்.

மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தபோதோ இருவரும் இரு துருவங்களில் நின்றனர்.

அண்ணாச்சியின் மஜ்ஜையில் இடமில்லாத அளவுக்கு அணுக்கள் நெரிந்து கிடந்தன. ஆனால் அவை அளவுக்கு மீறிப் பருத்து, உட்கரு முதிராமல் குழந்தைத்தனமாகவே இருந்தன. டாக்டர் சொன்னதை நம் தொழிலுக்கேற்பச் சொல்வதாயின், பணிமனை நிறைய வண்டிகள் நிற்கின்றன. ஆயின் பிரேக் பொருத்தப்படாமையால் ஒன்றும் வாயிலைத் தாண்டிப் பாதைக்கு வரவில்லை. அங்கேயே உடைத்துப் போடப்படுகின்றன. உள்ளே நெரிசல், வெளியே பஞ்சம். அப்படி உள்ளேயே உடைந்த செவ்வணுக்களின் நிறப்பொருள்தான் முகத்தில் எலுமிச்சை மஞ்சளாகத் தோன்றியது. பொருத்தப்படாமல் போன அந்த உறுப்பு பி-12 என்னும் வைட்டமின். அணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு பி-12, ஃபோலிக் அமிலம் ஆகிய இரண்டும் இன்றியமையாதவை. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் உட்கரு முதிராது.

இளைஞனின் மஜ்ஜையிலோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அணுக்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுங்கொழுப்பு. பணிமனை திறந்திருக்கிறது, உள்ளே தொழிலாளர் இல்லை. ஏபிளாஸ்டிக் அனீமியா என்று இதற்குப் பெயர். 1888-ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஓர் இளம் கர்ப்பிணியின் மரணத்துக்குப் பின் அவருடைய எலும்பைச் சோதித்து இந்நோயை முதன்முதல் விவரித்தார். பெரும்பாலோரிடம், உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு பிரிவே மூல உயிரணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுவதால் இது நேர்கிறது. பென்சீன் என்னும் கரைப்பானும், டைபாய்டுக்கு ஒருகாலத்தில் தாராளமாக வழங்கப்பட்ட குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்தும் சிலரிடம் இந்நிலையை உண்டாக்கியது உண்டு. இவ்விளைஞனிடம் அப்படி ஒரு காரணமும் தென்படவில்லை.

இரத்தப் புற்றுநோயிலும் மூன்றும் குறையலாம். அங்கே மஜ்ஜையில் நெரிசல் உண்டு. ஆனால் நெரிசல் முதிராத புற்றணுக்களால் ஆனது. முதியோரிடம் மஜ்ஜை கோணலான அணுக்களை உற்பத்தி செய்யும் நோயொன்றும் உண்டு. ஆக, தாளில் ஒரே எண். எலும்புக்குள் நாலு வேறு கதை. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

பி-12 குறைவென்பது இரத்தத்தைச் சோதித்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் மஜ்ஜை ஊசி தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சிக்கு அச்சோதனையின் முடிவு வரச் சில நாள் ஆகும் என்றும், காய்ச்சலும் கசிவும் உள்ளபோது புற்றுநோய் அன்றென்பதை உடனே உறுதி செய்ய வேண்டும் என்றும் கருதியே ஊசி போட்டனர்.

அண்ணாச்சியின் நோய்க்கும் பரேலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதே பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்திற்கு 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் வந்து சேர்ந்தார். பம்பாயின் துணியாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகள் கடும் சோகையால் மடிந்துகொண்டிருந்த காலம் அது. அச்சோகையில் செவ்வணுக்கள் பருத்திருந்தன. அம்மையார் அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்பதை வீடுவீடாகக் கேட்டறிந்தார். நம் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் தங்கி எலிகளுக்கு அவ்வுணவையே கொடுத்து ஆராய்ந்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த மகளிர் மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். முடிவில் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டார். ரொட்டியில் தடவித் தின்னும் பண்டம்! அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கே அப்போது தெரியாது. வில்ஸ் காரணி என்று பெயரிட்டு உலகம் தேடியது. 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் பாலக்கீரையைப் பிழிந்து அப்பொருளைத் தனித்தெடுத்தனர். இலையிலிருந்து கிடைத்ததால் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றனர்.

கீரையிலிருந்து பிழியாமல் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியை 1945-இல் கண்டவர் கூட்டத்துக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர். அந்நோயில் உடம்பு ஃபோலிக் அமிலத்தை ஏற்காது வெளியேற்றுவதால் சோகை வரும். பிறகு அவருடைய கூட்டத்தார் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் போலிப் பொருளொன்றையும் ஆக்கினர். பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948-இல் வெளியிட்டார். மஜ்ஜைக்கு ஊட்டமாகும் பொருளும், மஜ்ஜையில் புகுந்த பகைவனைப் பட்டினி போடும் பொருளும் ஒருவர் கூடத்திலிருந்தே வந்தன. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் தம்பியாகிய மெத்தோடிரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. இவ்வளவு செய்தவரை நம்மவருள் எத்தனை பேர் அறிவோம்?

நம் கதைக்கு வருவோம். பி-12 எந்தத் தாவர உணவிலும் இயல்பாகப் போதுமான அளவில் இல்லை. முருங்கைக்கீரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி-12 இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் அது உண்டு. சைவ உணவினர் பாலும் தயிரும் நன்கு சேர்த்துக்கொண்டால் ஓரளவு ஈடுகட்டலாம். உடம்பு தன் கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு வைத்திருக்கும். ஆகையால்தான் விரதம் தொடங்கிய ஆண்டிலேயே நோய் வருவதில்லை; பல ஆண்டு கழித்து, காரணமே மறந்துபோன பின்னர் வருகிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் நெடுநாள் உண்போருக்கும் இச்சத்துக் குறைய இடமுண்டு. நம் சங்கத்துப் பெரியோர்களில் இவ்விரண்டையும் உண்ணாதவர் எவர்?

இனி நம் குற்றத்தின் முழு அளவைச் சொல்லியாக வேண்டும். பி-12 இரத்தத்திற்கு மட்டுமல்ல, நரம்புக்கும் வேண்டும். நரம்பைச் சுற்றியுள்ள உறை அதனாலேயே காக்கப்படுகிறது. இரும்பு டானிக்குகள் பலவற்றில் ஃபோலிக் அமிலமும் கலந்திருக்கும். அண்ணாச்சி அருந்தியதிலும் கலந்திருந்தது. பி-12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், இரத்தம் சற்றே தேறுவது போலக் காட்டும். நரம்போ உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். அவர் காலடியில் பஞ்சு போலத் தோன்றியது அதுதான். "இன்னும் ஒரு மாசம்" என்று நாம் சொன்ன அந்த மாதத்தில்தான் அவர் தண்டவாளத்தில் விழுந்தார்.

ஊசி மருந்து தொடங்கிய இரண்டாம் நாளே பசிக்கிறதென்றார். ஒரு வாரத்தில் இளஞ்செவ்வணுக்கள் வெள்ளம் போல் வெளிவந்தன. எட்டு வாரத்தில் ஹீமோகுளோபின் 12.8 ஆயிற்று, மற்ற இரண்டும் அதற்கு முன்னரே நேராயின.

இளைஞனுக்கு அப்படி எளிய வழியில்லை. அவன் தமையனும் தமக்கையும் செய்தி கேட்டதும் இரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தனர். டாக்டர் தடுத்துவிட்டார். நாம் வியந்தோம், உடன்பிறந்தார் இரத்தத்தினும் உயர்ந்தது எது? அவர் விளக்கினார்: இவனுக்குப் பின்னர் உடன்பிறந்தாரின் மஜ்ஜையே வேண்டியிருக்கலாம், இப்போதே அவர்களுடைய இரத்தத்தை ஏற்றினால் இவன் உடம்பு அதனை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகிக்கொள்ளும், பின்பு மஜ்ஜையை ஏற்காது தள்ளிவிடக்கூடும். ஆகவே அயலார் இரத்தமே நன்று. அன்று மாலை நம் சங்கத்து இளைஞர்கள் பன்னிருவர் சென்று கொடுத்தனர். இந்த ஒரு செய்தியை மட்டுமாவது அன்பர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அன்பின் மிகுதியால் கெடுதல் செய்துவிடும் இடம் இது.

உடன்பிறந்தார் ஒருவரின் மஜ்ஜை முற்றும் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தமையனுடையது பொருந்தவில்லை, தமக்கையுடையது பொருந்தியது. மஜ்ஜை மாற்றும் முறையை வகுத்த டோனல் தாமஸ் என்பவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1983-இல் இதே பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் முதன்முதல் இது செய்யப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தொடங்கினர். கொடுப்பவருக்கு உறுப்பேதும் குறைவதில்லை. எடுத்தது சில வாரங்களில் தானே ஊறிவிடும். பெறுபவருக்கும் கத்தி வைக்கும் வேலை இல்லை. இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாகச் செலுத்துகின்றனர். அது தானே வழியறிந்து எலும்புக்குள் போய்க் குடியேறுகிறது. இதைக் கேட்டபோது நமக்கு மெய்சிலிர்த்தது.

பொருந்தும் உடன்பிறந்தார் இல்லாதவர்க்கு, குதிரையிலிருந்து எடுக்கப்படும் ஓர் எதிர்ப்பொருளும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தும் கொடுத்து, மூல உயிரணுக்களை அழிக்கும் வெள்ளணுக்களை அடக்குகின்றனர். பயன் தெரியப் பல மாதமாகும். அயலாரிடமும் பொருத்தம் தேடலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-இல் தொடங்கிய தாத்ரி என்னும் பதிவகத்தில், பதினெட்டு வயது நிரம்பிய உடல்நலமுள்ளோர் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுப்பதே முதற் சோதனை. ஒரே வழித்தோன்றல்களிடையேதான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு மிகுதி. தமிழருக்கு வேண்டியதைத் தமிழரிடம் தேடுவதே முறை.

சென்ற ஆண்டுக் கட்டுரையை இனி இவ்வாறு படிக்குமாறு வேண்டுகிறோம். பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் வரும் வெளுப்பில் பெரும்பகுதி இரும்புக் குறைவே. அதற்கு நாம் கூறியவை பொருந்தும். ஆனால் டானிக் புட்டியைத் திறக்குமுன் சி.பி.சி. என்னும் இரத்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். அத்தாளில் எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கும். செவ்வணுவின் சராசரிப் பருமன் அது. 80-க்குக் குறைந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு அல்லது தலசீமியா. 100-க்கு மிகுந்தால் இரும்பு டானிக் அதற்கு மருந்தன்று. டாக்டரிடம் செல்ல வேண்டும். அண்ணாச்சிக்கு 118 இருந்தது, இளைஞனுக்கு 101. டானிக் தொடங்கியபின் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லையெனில் மருந்து தவறு என்று கொள்க. மேலும் மூன்று புட்டி வாங்காதீர். வெளுப்போடு செம்புள்ளியோ, ஈற்றுக் கசிவோ, காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்க. தட்டணு குறைந்தவருக்கு ஆஸ்பிரின் ஆகாது. கைமருந்துக் கடையில் சதையில் ஊசி போட்டுக்கொள்வதும் ஆகாது.

இளைஞனுக்கு மஜ்ஜை மாற்றி ஏழு மாதமாகிறது. பி வகுப்பு இரத்தத்தோடு பிறந்தவன், தமக்கையின் மஜ்ஜை குடியேறியபின் ஓ வகுப்பாகிவிட்டான். முகமூடி அணிந்துகொண்டு கல்லூரிக்குச் செல்கிறான். மருந்து இன்னும் நிற்கவில்லை. இரு வாரத்துக்கொருமுறை சோதனைக்குப் போகிறான்.

அண்ணாச்சியின் இரத்தம் நேராகிவிட்டது. கால் மரப்பு முழுதும் நீங்கவில்லை. நீங்குமா என்பதை டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. தண்டவாளத்துப் பணிக்கு அவர் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. இப்போது நம் அலுவலகத்திலேயே, நமக்கு எதிர் மேஜையில், பண்டகப் பதிவேடு எழுதுகிறார். மாதந்தோறும் முதல் வாரத்தில் ஊசி போட்டுக்கொள்ள அரைநாள் விடுப்புக் கேட்பார். அந்த மனுவும் நம் வழியாகவே மேலே போகிறது.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினோம். பென்சிற் குறிப்பைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரியாது. அவ்விடம் வந்ததும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அத எடுத்திராதிங்க தம்பி, இருக்கட்டும்" என்றார். இறுதிவரை கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிதான். முருங்கைக்கீரையை மட்டும் ரொம்பக் குத்தஞ் சொல்லிப்புடாதிங்க. மதினி மொட்டை மாடித் தொட்டியில வச்சிருக்கா" என்றார்.